வியாழக்கிழமை இங்கிலீஷ்

இங்கிலீஷ் பேச வராது என்பதற்காகவே என்னை ஒரு இங்கிலீஷ் பேசும் குழுவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். சிரிக்காதீங்க மக்களே, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அரூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இன்ஜினியரிங்குக்கும் வந்தது இல்லையா, அந்த முதல் பேட்ச்சில் ட்ரிபிள் ஈ எடுத்து உள்ளே வந்தவள் நான். முதல் வருஷம் முழுக்க கடைசி பெஞ்ச். ஏதாவது புரியவில்லை என்றால் கிளாஸ் முடிந்த பிறகு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, கூட்டம் போனதும் தமிழில் கேட்டுவிட்டு வருவேன்.

மூன்றாவது செமஸ்டர் ஆரம்பத்தில் இங்கிலீஷ் மேம் கூப்பிட்டு அனுப்பினார்.

"வெளிநாட்டுப் பசங்க இருபது பேர் கிட்ட இருக்காங்கம்மா. பாதிப் பேர் கிளாஸ்ல வாயே தெறக்கறதில்ல. வாரத்துல ஒருநாள் சும்மா உக்காந்து பேசற மாதிரி ஒரு குரூப் ஆரம்பிக்கணும். நீ நடத்து."

"மேம், எனக்கே வராது மேம்."

"அதனாலதான் உன்னக் கூப்பிட்டேன். நல்லா பேசற பசங்கள விட்டா அவங்களே ஒரு மணி நேரம் பேசிட்டுப் போயிடுவாங்க. வாயத் தெறக்கப் பயப்படறது எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. 2022-ல் தொடங்கி இப்போது வரை, பரீட்சை வாரங்களைத் தவிர எல்லா வியாழக்கிழமையும் நடந்திருக்கிறது. இந்த செமஸ்டரோடு நான் கிளம்புகிறேன். அதற்கு முன் உங்களிடம் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

யார் இவர்கள்?

கேன்டீனில், லேபில் தினமும் பார்க்கிறோம். ஆனால் யார் எந்த ஊர் என்று நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. "ஆப்பிரிக்கா பசங்க" என்று மொத்தமாக ஒரு பேர் வைத்துவிடுகிறோம். எங்கள் குழுவில் மொசாம்பிக், சூடான், ஏமன், எத்தியோப்பியா, சாட், தான்சானியா என்று ஆறு நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஏமன் ஆப்பிரிக்காவிலேயே இல்லை என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சிலர் இந்திய அரசின் ஐசிசிஆர் ஸ்காலர்ஷிப்பில் வந்தவர்கள். சிலர் 'ஸ்டடி இன் இந்தியா' மூலமாகவோ நேரடியாகவோ சொந்தக் காசில் வந்தவர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்றாலே இங்கிலீஷ் சரளமாக வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மொசாம்பிக் 1975 வரை போர்ச்சுக்கல் பிடியில் இருந்த நாடு. அங்கே பள்ளிப் பாடம் போர்ச்சுகீஸில். வீட்டில் பேசுவது மாகுவா, சாங்கானா மாதிரி வேறு மொழி. சாட் நாட்டில் பிரெஞ்சும் அரபியும். தான்சானியாவில் ஆரம்பப் பள்ளி சுவாஹிலியில், மேலே போனால் இங்கிலீஷில். ஆக அவர்களில் பலருக்கு இங்கிலீஷ் மூன்றாவது மொழி, நான்காவது மொழி. ஒரு வகையில் எல்லாருமே தமிழ் மீடியம்தான், என்ன, தமிழ் மட்டும் இல்லை.

"வாட் இஸ் அரியர்?"

முதல் வியாழக்கிழமை லைப்ரரி இரண்டாவது மாடி டிஸ்கஷன் ரூமில் உட்கார்ந்தோம். மாலை 4.30 முதல் 5.30. லேடீஸ் ஹாஸ்டலுக்கு ஆறு மணிக்குள் போயாக வேண்டும் என்பதால் அந்த நேரம். பதினோரு பேர் வந்தார்கள். என் கையில் டிபார்ட்மென்ட்டில் காலங்காலமாக இருக்கும் தலைப்புப் பட்டியல். என் லட்சியம். மொபைல் போன் நன்மையா, தீமையா. எனக்குப் பிடித்த தலைவர். ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியம் சொல்லி "தட்ஸ் ஆல்" என்று முடித்தார்கள். பத்து நிமிஷத்தில் பட்டியலே காலி. மிச்ச ஐம்பது நிமிஷத்துக்கு ஃபேன் சத்தம்தான்.

அப்போது மொசாம்பிக் நண்பர் ஒருவர் கை தூக்கினார். "சிஸ்டர், ஒன் கொஸ்டின். வாட் இஸ் அரியர்?"

அவருக்கு ஒரு பேப்பரில் அரியர் விழுந்திருக்கிறது. டிக்‌ஷனரியில் பார்த்தால் 'கட்டாமல் விட்ட பாக்கி' என்று போட்டிருக்கிறது. பீஸில் பாக்கி இருக்கிறது போல என்று பயந்து இரண்டு முறை அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் வரிசையில் நின்று திரும்பியிருக்கிறார். "பாக்கி எதுவும் இல்ல, போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பாக்கி இல்லை என்றால் அரியர் எப்படி? மூன்று வாரமாக அவர் மண்டையைக் குடைந்த கேள்வி.

சொன்னேன். ரூமே சிரித்தது. அதற்கப்புறம் மடை திறந்த மாதிரி ஆளுக்கு ஆள் கேட்க ஆரம்பித்தார்கள்.

கிளாஸில் எல்லாரும் ஏன் "டவுட் சார், டவுட் சார்" என்கிறார்கள், சார் சொல்வதை நம்பவில்லையா? சீனியர்கள் போன வருஷம் "பாஸ்ட் அவுட்" ஆனார்கள் என்றால், எல்லாரும் ஒரே நேரத்தில் மயக்கம் போட்டு விழுந்தார்களா? "ஓடி" என்றால் என்ன, அதை வாங்கினால் எப்படி அட்டென்டன்ஸ் வரும்? 'போனஃபைட்' என்று கேட்கிறார்களே, அது என்ன ஆவணம்? கட்டில் கூட இல்லாத சாப்பாட்டுக் கடைக்கு ஏன் ஹோட்டல் என்று போர்டு? ஒருவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் அது ஆமாவா, இல்லையா?

கவனித்தீர்களா? அவர்கள் தடுமாறியது பாடப் புத்தகத்து இங்கிலீஷில் இல்லை. நம்முடைய இங்கிலீஷில். பிரிட்டிஷ் இங்கிலீஷுக்கும் அமெரிக்க இங்கிலீஷுக்கும் யூடியூபில் ஆயிரம் பாடம் இருக்கிறது. "சார் வந்துட்டாரா, ஃபர்ஸ்ட் அவர் ஃப்ரீயா, ஓடி ஃபார்ம் சைன் பண்ணிட்டியா" என்ற இங்கிலீஷுக்கு எங்கே பாடம் இருக்கிறது? அதற்கு நாம்தான் ஆள்.

காஷ்மீரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985-ல் உலக ஆங்கிலங்களை மூன்று வட்டமாகப் பிரித்துக் காட்டினார். உள்வட்டத்தில் பிரிட்டன், அமெரிக்கா மாதிரி நாடுகள். வெளிவட்டத்தில் இந்தியா, நைஜீரியா மாதிரி, ஆங்கிலேயர் ஆண்ட இடங்கள். மூன்றாவது, விரிந்துகொண்டே போகும் வட்டத்தில் மற்ற நாடுகள். நம் வட்டத்து இங்கிலீஷ் தப்பான இங்கிலீஷ் இல்லை, அது இந்த மண்ணில் முளைத்த இன்னொரு இங்கிலீஷ் என்பது அவர் வாதம். மேம் இதைச் சொன்னபோது எனக்குப் பெரிய நிம்மதி. எங்கள் ரூமில் உள்வட்டத்து ஆள் ஒருவர் கூட இல்லை. யாருக்கும் அது அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. அதனால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதும் இல்லை.

தலைப்புப் பட்டியலை அன்றைக்கே மடித்து வைத்தோம்.

நடத்துகிறவரின் வேலை

இந்தக் குழுவை நடத்துவதில் வாய்க்கு வேலை கம்மி, காதுக்குத்தான் அதிகம். மூன்று விஷயம் பிடிபட்டது.

ஒன்று, காத்திருப்பது. கேள்வி கேட்டு ஒரு நொடியில் பதில் வரவில்லை என்றால் நமக்குக் கை கால் ஓடாது. நாமே பதிலைச் சொல்லிவிடுவோம், இல்லை அடுத்த ஆளிடம் தாவிவிடுவோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை டேப்பில் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதையே மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று நொடிதாங்க! அதிலும், மனதுக்குள் போர்ச்சுகீஸில் யோசித்து இங்கிலீஷில் கோத்து வெளியே கொண்டுவருகிற ஆளுக்கு மூன்று கூடப் போதாது. நான் டேபிளுக்கு அடியில் விரல் விட்டு ஏழு வரை எண்ணுவேன். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிறைய நல்ல வாக்கியங்கள் வந்திருக்கின்றன.

இரண்டு, நடுவில் திருத்தாமல் இருப்பது. "யெஸ்டர்டே ஐ கோ டு பஸ் ஸ்டாண்ட்" என்று ஒருவர் ஆரம்பித்தால், "வென்ட்" என்று குறுக்கே விழக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். கதை முடிந்ததும், "ஓ, யூ வென்ட் டு தி பஸ் ஸ்டாண்ட், அண்ட் தென்?" என்று சரியான வார்த்தையை நம் பதிலுக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்வார்.

மூன்று, பேச நிஜமாகவே ஒரு காரணம் இருப்பது. இருவரை முதுகோடு முதுகு உட்கார வைப்போம். ஒருவர் மெயின் கேட்டிலிருந்து டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைக் கேட்டு மேப் வரைய வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, சைகை கூடாது. வரைந்த மேப்பில் பஸ் ஸ்டாண்ட் ஏரிக்குள் இருக்கும். ஏன் அங்கே போனது என்று இருவரும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை இங்கிலீஷில் நடக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

இன்னொரு பயிற்சி உங்களுக்கே உதவும், குறித்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் 4/3/2. நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் எழுதிப் பரவலாக்கியது. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிஷம் பேசுங்கள். ஆளை மாற்றி அதையே 3 நிமிஷத்தில். இன்னொருவரிடம் 2 நிமிஷத்தில். மூன்றாவது முறை "அம்… அம்…" குறைந்து வாக்கியம் தானாக ஓடும். ஒரு நாள் ஜென்ரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை இப்படிப் பேசிப் பார்த்தோம். அடுத்த வாரம் மெஷின்ஸ் லேப் வைவாவில் எத்தியோப்பிய நண்பரிடம் அதே கேள்வி. வெளியே வந்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டாராம்.

ஒரு துண்டுக் காகிதம்

அரபியில் 'ப' என்று அழுத்திச் சொல்லும் ஒலி கிடையாது. சூடான், ஏமன் நண்பர்களுக்கு 'பார்க்கிங்' என்பது 'பார்க்கிங்' என்றே வரும். எழுதிக் காட்டினால் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை அல்லவா? அதுதான் விஷயமே. வண்டி நிறுத்துவதையும் நாய் குரைப்பதையும் தமிழில் நாம் ஒரே 'ப'-வில்தான் எழுதுகிறோம். அவர்களுக்கு ஒலியில் இல்லாதது நமக்கு எழுத்தில் இல்லை.

இதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்காரர் சொன்னால் முதல் 'ப'-வில் காற்று வெடித்துக் காகிதம் ஆடும். பூனையைக் குறிக்கும் 'பில்லி'யில் வருகிற மாதிரி மெத்தென்ற 'ப' என்றால் ஆடாது. நண்பர்களுக்குச் சொல்லித்தரலாம் என்று நாங்கள் தமிழ்ப் பசங்க நான்கு பேர் முதலில் செய்து காட்டினோம். 'பேப்பர்.' காகிதம் அசையவே இல்லை! நம் 'ப'-வில் அந்தக் காற்று வெடிப்பு கிடையாது. சூடான்காரர் சொன்னார்: நீங்கள் 'பார்க்' என்று சொல்வது எங்கள் காதுக்கு நாய் குரைப்பது மாதிரித்தான் இத்தனை நாளும் கேட்டது என்று. அப்புறம் பதினைந்து பேரும் ஆளுக்கொரு காகிதத்தோடு ஊதிக்கொண்டிருந்ததைப் பார்த்து லைப்ரரியன் சார் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்.

அந்தக் கதவிலும் ஒரு கதை உண்டு. கண்ணாடிக் கதவில் 'புஷ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மொசாம்பிக் நண்பர்கள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்பார்கள். போர்ச்சுகீஸில் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில் ஒரு வார்த்தை இருக்கிறது. அதற்கு அர்த்தம் 'இழு'!

போர்ச்சுகீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருநாள் ரூமில் வெயில் அடித்தது. நான் தமிழில் என் ஃப்ரெண்டிடம், "அந்த ஜன்னலச் சாத்துடி" என்றேன். மொசாம்பிக்காரர்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஜனெலா?" அவர்கள் மொழியிலும் அதுதான் ஜன்னல். பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீஸியர் விட்டுப்போன வார்த்தை. அன்று மீதி நேரம் முழுக்க வேட்டைதான். சாவிக்கு அவர்கள் ஷாவெ. மேசைக்கு மேஸா. அலமாரிக்கு அர்மாரியு. அன்னாசிக்கு அனனாஸ். சும்மா இருப்பார்களா அரபிக்காரர்கள்? வக்கீல், அசல், நகல், பாக்கி, வசூல், ரத்து எல்லாம் எங்களுடையது என்று அவர்கள் ஒரு பட்டியலைப் போட்டார்கள். கோர்ட்டும் கடனும் முழுக்க அரபி, வீட்டுச் சாமான் எல்லாம் போர்ச்சுகீஸ் என்று முடிவானது.

எத்தியோப்பிய நண்பர் பங்குக்கு அவர் ஊர்க் கடிகாரத்தைப் போர்டில் வரைந்தார். அங்கே நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, விடியலில் தொடங்குகிறது. நம் காலை 7 மணிதான் அவர்களுக்கு 1 மணி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கிறது, அதனால் இந்தக் கணக்கு ஒத்துவருகிறது. வருஷத்துக்கு 13 மாதம், கடைசி மாதத்துக்கு 5 நாள், லீப் வருஷத்தில் 6. சுவாஹிலி பேசுகிற எங்களுக்கும் இதே மணிக் கணக்குதான் என்று தான்சானியாக்காரர் சேர்ந்துகொண்டார். வாய் திறக்காதவர் என்று மேம் சொன்ன ஆள் அன்றைக்கு நாற்பது நிமிஷம் பேசினார். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைப் பிறருக்குச் சொல்லும்போது இலக்கணப் பயம் எங்கே போகும் என்றே தெரியாது.

2023 ஏப்ரல்

இனிமேல் சொல்லப்போவது சிரிப்பு இல்லை.

2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை. சூடான் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் துணை ராணுவப் படைக்கும் சண்டை வெடித்தது. அங்கே மாட்டிக்கொண்ட இந்தியர்களை 'ஆபரேஷன் காவேரி' என்ற பெயரில் அழைத்து வந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் குழுவில் மூன்றாம் வருஷம் படித்த அண்ணன் ஒருவர் ஓம்துர்மான்காரர். கார்ட்டூமுக்கு நைல் ஆற்றின் எதிர்க்கரை. அப்பா அங்கே மருந்துக் கடை வைத்திருந்தார். அந்த வியாழக்கிழமை அவர் வரவில்லை. ஹாஸ்டலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், லைன் கிடைத்தால் ஒரு நிமிஷம் பேசுகிறார் என்றார்கள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை வந்தார். எல்லாரும் எழுந்துவிட்டோம். என்ன கேட்பது? 'ஹவ் ஆர் யூ' என்று கேட்க முடியுமா? ஆறு மாதமாகச் சேர்த்த இங்கிலீஷில் அந்த நேரத்துக்கு உதவுகிற வார்த்தை ஒன்றும் இல்லை. தமிழிலும் எனக்குக் கிடைத்திருக்காது. அவரே பேசினார்.

"டுடே, நோ டாபிக் ப்ளீஸ். ஐ ஹாவ் டு மீட் பிரின்சிபல் டுமாரோ. ஐ டோன்ட் நோ ஹவ் டு ஸ்டார்ட்."

அவர் சொந்தக் காசில் படிக்க வந்தவர். ஹாஸ்டல் பீஸும் எக்ஸாம் பீஸும் கட்ட வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. ஊரில் பேங்க் மூடிக்கிடக்கிறது. அப்பாவிடம் பணம் இருந்தாலும் அனுப்ப வழியில்லை. எக்ஸாம் பீஸ் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. பரீட்சை எழுதாவிட்டால் வருஷம் போகும். வருஷம் போனால் விசாவிலும் சிக்கல் வரும். திரும்பிப் போகலாம் என்றால் போவதற்கு ஊர் இல்லை.

உடனே நாங்கள் தமிழ்ப் பசங்க நமக்குத் தெரிந்த லெட்டரை எடுத்து நீட்டினோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கிறோமே, அதேதான். மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் வேண்டிக்கொள்வது என்னவென்றால், தயவுகூர்ந்து ஆவன செய்யவும். அவர் படித்துப் பார்த்தார். "ஐ டோன்ட் வான்ட் மெர்ஸி," என்றார். "ஐ வான்ட் டைம்."

அப்போது ஏமன் நண்பர் தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அவர் அதிகம் பேசாதவர். அவர் நாட்டில் அவர் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே போர். பணம் வராமல் ஆபீஸ் வாசலில் நிற்பது அவருக்குப் புதிது இல்லை. "நான் பிரின்சிபலாக உட்காருகிறேன், நீ உள்ளே வா" என்றார் இங்கிலீஷில்.

சூடான் அண்ணன் கதவுக்கு வெளியே போய், தட்டிவிட்டு உள்ளே வந்தார். போரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் அடைத்துவிட்டது. ஏமன்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: "போரில் ஆரம்பிக்காதே. அதை அவர் டிவியில் பார்த்துவிட்டார். நீ போரைச் சொன்னால் அழுவாய். நீ அழுதால் அவர் ஆறுதல் சொல்வார். ஆறுதலோடு வெளியே வந்துவிடுவாய், பீஸ் அப்படியே இருக்கும். எவ்வளவு தொகை, எந்தத் தேதி, அதில் ஆரம்பி."

மறுபடி வெளியே போனார். மறுபடி கதவைத் தட்டினார். கட்ட வேண்டியது இவ்வளவு. என்னிடம் இப்போது இருப்பது இவ்வளவு, இதை இன்றே கட்டுகிறேன். மீதியை மூன்று தவணையில், இந்த இந்தத் தேதிகளில். அதுவரை ஹால் டிக்கெட்டை நிறுத்த வேண்டாம். காரணம் கேட்டால் மட்டும் ஒரே வாக்கியம்: ஊரில் பேங்க் இயங்கவில்லை. நான்கு வாக்கியம்தான். அதை 4/3/2 மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னார். சாட் நாட்டுக்காரர் குறுக்குக் கேள்வி கேட்டார். என் ஃப்ரெண்ட் ஆபீஸ் கிளார்க்காக உட்கார்ந்து, "சார் மீட்டிங்ல இருக்காரு, அப்பறம் வாங்க" என்று விரட்டினாள். அதற்கும் ஒரு பதில் தயார் செய்தோம்: "ஐ வில் வெயிட் ஹியர், மேடம்." அன்றைக்கு 5.30-க்கு முடியவில்லை. ஹாஸ்டல் வார்டன் மேடத்திடம் போனில் அரை மணி நேரம் கேட்டு வாங்கினோம். அதையும் ஒரு மொசாம்பிக் தங்கச்சிதான் இங்கிலீஷில் கேட்டாள்.

மறுநாள் மதியம் மெஸ் வாசலில் அவரைப் பார்த்தேன். தூரத்திலிருந்தே மூன்று விரலைக் காட்டினார். மூன்று தவணை.

பரீட்சை எழுதினார். வீட்டார் பஸ் பிடித்து போர்ட் சூடானுக்குப் போய், பிறகு கெய்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2024-ல் டிகிரி முடித்து அவரும் அங்கேயே போனார். மருந்துக் கடை என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? ஸ்போக்கன் இங்கிலீஷ் என்றாலே நமக்கு இன்டர்வியூ, ஆக்சென்ட், சம்பளம் இதுதான் ஞாபகம் வருகிறது. அவருக்கு அன்று வேண்டியிருந்தது நான்கு வாக்கியம். அந்த நான்கைத் தலை குனியாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதை அவர் தனியாக ரூமில் கண்ணாடி முன் நின்று பழகியிருக்க முடியாது. எதிரே ஆள் வேண்டும். தடுமாறும்போது சிரிக்காத ஆள், தானே பேசி முடித்துவிடாத ஆள், "இன்னொரு முறை" என்று சொல்கிற ஆள்.

நமக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்வி உங்களுக்கு வரும், வர வேண்டியதுதான். இது சேவை மட்டும் இல்லை.

இரண்டாவது வருஷத்திலிருந்து நம் பசங்களும் வர ஆரம்பித்தார்கள், பெரும்பாலும் தமிழ் மீடியம். இங்கே ஒரு வசதி இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். நம் கிளாஸ்மேட்டோடு இங்கிலீஷில் பேசினால், "என்னடா சீன் போடற" என்பான். இரண்டு நிமிஷத்தில் இருவரும் தமிழுக்கு வந்துவிடுவோம். மொசாம்பிக்காரரோடு அது நடக்காது. நமக்குப் போர்ச்சுகீஸ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம் இங்கிலீஷ், அதுவும் ஆட்டம் காண்கிற பாலம். விழுந்தால் இருவரும் சேர்ந்துதான் விழ வேண்டும், அதனால் வெட்கம் கிடையாது.

நான் அவர்களிடம் கற்றுக்கொண்டதில் பெரியது ஒன்றே ஒன்று: "அகெய்ன் ப்ளீஸ்." புரியவில்லை என்றால் அவர்கள் கூசாமல் திரும்பக் கேட்பார்கள். நாம் அப்படி இல்லை. புரியாவிட்டாலும் தலையாட்டுவோம், பிறகு பக்கத்து ஆளிடம் "என்னடி சொன்னாரு?" என்போம். போன செமஸ்டரில் என் ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூ ஆன்லைனில் நடந்தது. கேட்டவர் வடக்கத்திக்காரர், நெட் வேறு வெட்டி வெட்டி வந்தது. கேள்வி பாதிதான் காதில் விழுந்தது. "சார், குட் யூ ரிப்பீட் தட் ப்ளீஸ்?" என்றேன். அவர் நிதானமாகத் திரும்பச் சொன்னார். ரொம்பச் சுலபமான கேள்வி. டிரான்ஸ்ஃபார்மர் ஏன் டிசியில் வேலை செய்யாது, அவ்வளவுதான்!

பொறுப்பு எடுக்க ஆள் தேவை

மே மாதத்தோடு நான் "பாஸ்ட் அவுட்", மயக்கம் போடாமல். ஜூலையில் புது பேட்ச் வெளிநாட்டு மாணவர்கள் வருவார்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ பதிவு முடிக்க வேண்டும். அந்த ஃபார்ம் நிரப்புவதிலிருந்து மெஸ்ஸில் காரம் குறைக்கச் சொல்வது வரை எல்லாமே அவர்களுக்கு முதல் வாரத்திலேயே வந்து விழும். அப்போது யாராவது ஒருவர் டிஸ்கஷன் ரூமைத் திறந்து வைக்க வேண்டும்.

தகுதி என்ன என்று கேட்கிறீர்களா? கிராமரில் சென்டம் வேண்டாம். நாக்கைச் சுழற்றிப் பேச வேண்டாம். வியாழக்கிழமை 4.30-க்கு வர வேண்டும், மழை பெய்தாலும். ஏழு வரை எண்ணத் தெரிய வேண்டும். டீக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் வசூல் செய்யத் தெரிய வேண்டும் (வசூல் என்ற வார்த்தை அரபிக்காரர்களுடையது என்பதால் அவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம்). கிளாஸில் வாய் திறக்கத் தயங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்றால் ரொம்ப நல்லது.

ரூம் சாவி லைப்ரரியன் சாரிடம் இருக்கிறது. மேப் வரைகிற சார்ட், துண்டுக் காகிதங்கள், நம் காலேஜ் இங்கிலீஷுக்கு நாங்கள் கையால் எழுதிய அகராதி எல்லாம் அலமாரியின் கீழ்த் தட்டில். அகராதியில் இதுவரை 143 வார்த்தை சேர்ந்திருக்கிறது. முதல் வார்த்தை என்ன என்று சொல்லத் தேவையில்லை. 144-வது வார்த்தையை நீங்கள் எழுதுங்கள்.